பன்னிரண்டு வயசுக்கு எந்த நாவல்?

தரம் 7, 8 பிள்ளைக்குப் 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகத்தையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்காதீர்கள். தடிப்பைக் கண்டே பிள்ளை மூடிவைத்துவிடும். கல்கியின் 'பார்த்திபன் கனவு' மூன்றே பாகம். ஆள்கள் குறைவு, அத்தியாயங்கள் சின்னன். அதில் தொடங்குங்கள்.

அது முடிந்தபிறகு 'பொன்னியின் செல்வ'னின் முதலாம் பாகத்தை மட்டும் கொடுங்கள். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவான். கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் சைக்கிள் ஓடிய பிள்ளைக்கு அந்தக் கரையை விளக்கத் தேவையில்லை. பெயர்கள்தான் குழப்பும், கொப்பியின் கடைசித் தாளில் யார் யாருக்கு என்ன முறை என்று எழுதிக்கொண்டு வாசிக்கட்டும்.

பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) எங்கட வன்னி மண்ணின் நாவல். தண்ணிமுறிப்புக் காடும் குளமும் பேச்சும் அப்படியே இருக்கு. மெல்லிய புத்தகம்தானே என்று பன்னிரண்டு வயசில் கொடுப்பது பிழை. கதையின் நாயகி பதஞ்சலிக்கு நேர்வது வளர்ந்தவர்களின் துயரம். பதினைந்து வயசுக்குப் பிறகு கொடுங்கள், நீங்களும் வாசித்துவிட்டு.

வாங்கமுன் நடுவில் ஒரு பக்கத்தைப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு சொல்லில் தடக்கினால் அடுத்த வருசம் பார்க்கலாம். எழுத்துப் பொடியான மலிவுப் பதிப்பும் வேண்டாம். இரவு வாசிப்பில் கண் களைத்துவிடும்.