ஆறு மா நிலம், ஐந்து அளவுகோல்

கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் சித்தப்பா பெயரில் ஆறு மா நஞ்சை இருக்கிறது. ஏக்கர் கணக்கில் இரண்டு. பட்டா அவர் பெயரில். உழுவது, நடுவது, மடை பார்ப்பது எல்லாம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், குத்தகைக்கு. சித்தப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். வரப்பில் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது. 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் பிரதமர், விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டமான பிஎம் கிசானின் 21ஆவது தவணையை விடுவித்தார். சித்தப்பாவின் போனில் 2,000 ரூபாய் வரவு என்று செய்தி வந்தது. குத்தகைக்காரர் அப்போது சம்பாவுக்கு மேலுரம் போட யூரியா தேடிக்கொண்டிருந்தார்.

விவசாயிக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் தொகையைத்தான் கேட்கிறார்கள். ஆறாயிரமா, பன்னிரண்டாயிரமா? எனக்கு என்னவோ அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு ஒன்று என்று தோன்றுகிறது: எதை அளந்து கொடுக்கிறார்கள்? குடும்பத்தை எண்ணியா, ஏக்கரை எண்ணியா, மோட்டாரின் குதிரைத்திறனையா, விற்ற குவிண்டாலையா, வாங்கிய கடனையா? அளவுகோலை எடுத்த நிமிஷமே யாருக்குக் கிடைக்கும், கஜானாவுக்கு எவ்வளவு ஆகும் என்பது பாதிக்குமேல் முடிவாகிவிடுகிறது. அதே ஆறு மாவை ஒவ்வொரு கோலாலும் அளந்து பார்ப்போம்.

முதலில் குடும்பம். பிஎம் கிசான் 2019 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் வந்தது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6,000, மூன்று தவணை. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும். அந்த ஆண்டு தேர்தல் முடிந்ததும் எல்லா நில உடைமையாளர்களுக்கும் என்று விரித்தார்கள். வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர் போன்றவர்களுக்குக் கிடையாது. 2019 பிப்ரவரி 1க்குள் நிலம் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் விலைக்கு வாங்கியவருக்கு இல்லை, வாரிசாக வந்தால் உண்டு.

பட்ஜெட் போடுகிறவருக்கு இதைவிட நிம்மதியான திட்டம் கிடையாது. தலைகளை எண்ணி ஆறாயிரத்தால் பெருக்கினால் தீர்ந்தது. மழை பெய்ததா, விளைந்ததா, விலை விழுந்ததா என்ற எதுவும் அந்தப் பெருக்கலுக்குள் வராது. தலையை எண்ணுவதுதான் சிக்கல். 2019-20க்கு 75,000 கோடி ஒதுக்கினார்கள். பட்டியல் தயாராகாததால் திருத்திய மதிப்பீட்டில் அது 54,370 கோடியாக இறங்கியது. 2025-26க்கு 63,500 கோடி. இடையில் பட்டியலைச் சலித்த கதை பெரிது. 2020இல் தமிழ்நாட்டிலேயே விவசாயியே அல்லாத ஐந்தரை லட்சம் பேர் வரை பட்டியலில் புகுந்து, 110 கோடி ரூபாய் போனது வெளியே வந்தது. அதற்கப்புறம் ஆதார், இ-கேஒய்சி என்ற மின்னணு அடையாளச் சரிபார்ப்பு, நில ஆவண இணைப்பு என்று கதவுக்கு மேல் கதவு. சித்தப்பாவின் கட்டைவிரல் ரேகை இயந்திரத்தில் விழவே இல்லை. துடைத்து, ஊதி, மறுபடி வைத்து, கடைசியில் பேரன் போனில் முகத்தைக் காட்டித்தான் சரியானது.

தொகை ஏழு வருஷமாக அதேதான். இதை நெல்லாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கிறது. 2018-19இல் சாதாரண ரக நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். ஆறாயிரத்துக்கு ஏறக்குறைய மூன்றரைக் குவிண்டால் வந்திருக்கும். 2025-26இல் விலை 2,369. அந்த விலைக்கு வருவது இரண்டரைக் குவிண்டால். யாரும் எதையும் வெட்டவில்லை, எந்த அறிவிப்பும் இல்லை, ஒரு குவிண்டால் மட்டும் காணோம்.

இரண்டாவது கோல் ஏக்கர். தெலங்கானா 2018 மே மாதம் கே. சந்திரசேகர் ராவ் ஆட்சியில் ரைத்து பந்து என்று தொடங்கியது. பருவத்துக்கு ஏக்கருக்கு 4,000, அப்புறம் 5,000. உச்சவரம்பு இல்லை. முதல் வருஷமே 12,000 கோடி ஒதுக்கினார்கள். ஒரே ஒரு மாநிலம் போடும் தொகை அது என்பதை நினைவில் வையுங்கள். காங்கிரஸ் ஆட்சி வந்ததும் பெயர் ரைத்து பரோசா ஆனது. தேர்தலில் சொன்னது ஏக்கருக்கு 15,000, 2025 ஜனவரியில் தொடங்கியது 12,000.

எங்கள் ஆறு மாவுக்கு இந்தக் கணக்கில் வருஷத்துக்கு 24,000 வரும். பிஎம் கிசானைப் போல நாலு மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. பத்து ஏக்கர்காரருக்கு 1,20,000 வருமே, அதைக் கேட்டால்? ஏக்கரை அளந்தால் நிலம் அதிகம் இருப்பவருக்கு அதிகம் போவது கோலின் இயல்பு. அதைக் கோளாறு என்று சொல்லிப் பயனில்லை. விதைப்புக்கு முன்னால் பணம் கைக்கு வருகிறது, கந்து வட்டிக்குப் போகாமல் உரம் வாங்கலாம் என்று ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் பட்டாதாரரின் கணக்குக்குப் போகிறது. எங்கள் நிலத்தில் உரம் வாங்குகிறவர் அவர் இல்லையே. ரைத்து பந்து குத்தகைக்காரரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்களுக்கும் உண்டு என்று பிறகு வாக்குறுதி வந்தது. 2025இல் தொடங்கியபோது பணம் பட்டாவின் பின்னாலேயே போனது. நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு வருஷத்துக்கு 12,000 என்று தனியாக ஒரு திட்டம் வைத்தது மட்டும் உண்மையிலேயே புதுசு.

இந்த இடத்தில் ஒடிசாவைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டம், காகிதத்தில் பார்த்தால் இருப்பதிலேயே யோசித்துச் செய்தது. சிறு, குறு விவசாயக் குடும்பத்துக்கு ஐந்து பருவத்தில் 25,000. ஏக்கர் கணக்கு கிடையாது. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுபவரையும் சேர்த்தார்கள். நிலமே இல்லாதவருக்கு ஆடு, கோழி, காளான், தேனீ என்று ஏதாவது ஒரு பிழைப்புக்கு 12,500. மூன்று ஆண்டுக்கு 10,180 கோடி. ஆனால் பட்டாவை விட்டுவிட்டு யார் உழுகிறார் என்று தேடிப்போனால் பட்டியல் தயாரிப்பது எவ்வளவு பாடு என்பது அங்கே தெரிந்தது. தகுதி இல்லாதவர்களுக்கும் பணம் போனதைத் தணிக்கைத் துறை பின்னால் சுட்டிக்காட்டியது. பிஎம் கிசானோடு சேர்த்தபோது மாநிலத்தின் பங்கு வருஷத்துக்கு 4,000 ஆகச் சுருங்கியது. நல்ல யோசனைகளுக்கு ஆயுசு கம்மி.

தமிழ்நாடு ஏக்கரையும் எண்ணவில்லை, குடும்பத்தையும் எண்ணவில்லை. நம்முடைய பெரிய செலவு மோட்டாரில் இருக்கிறது. இலவச மின்சாரம் சும்மா வந்ததல்ல. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்திருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், அப்புறம் கருணாநிதி ஆட்சியில் எல்லாருக்கும் என்று வந்தது. 2021 முதல் தனியாக வேளாண் பட்ஜெட் போடுகிறோம். 2025-26இல் அதன் மொத்தம் 45,661 கோடி; அதில் 8,186 கோடி இந்த மின்சாரத்துக்காக மின் நிறுவனத்துக்குப் போகிறது. நூறு ரூபாயில் பதினெட்டு. விவசாயி கையில் ஒரு ரூபாய்கூடப் படாமல் அவருக்காகச் செலவாகும் பணம் இது. அதனால் வாங்குகிறவருக்கே எவ்வளவு வாங்குகிறோம் என்று தெரியாது.

பல்லடம் பக்கம் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டு, அதுவும் இறங்கி, இப்போது பத்து குதிரைத்திறன் மோட்டார். வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் ஓடினால் 7,460 யூனிட். யூனிட்டுக்கு ஐந்தே ரூபாய் வைத்தாலும் 37,300. பிஎம் கிசான் பக்கத்தில் நிற்க முடியுமா? ஆனால் தண்ணீர் ஆழத்துக்குப் போகப்போக மானியம் கூடும். மானியம் கூடக்கூடத் தண்ணீர் இன்னும் இறங்கும். வாய்க்கால் பாசனத்தில் கிடக்கும் எங்கள் ஆறு மாவுக்கு இதில் பூஜ்யம். மானாவாரியில் சோளம் போடும் விருதுநகர்க்காரருக்கும் பூஜ்யம். இணைப்புக்கு மனு போட்டுக் காத்திருப்பவருக்கும் அதேதான். ஒரு நல்ல விஷயம்: மோட்டார் யார் போட்டாலும் ஓடும். குத்தகைக்காரர் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் பட்டா கேட்பதில்லை.

குவிண்டால் கோலுக்கு வருவோம், எனக்கு நெருக்கமானது இதுதான். மத்திய அரசின் ஆதரவு விலைக்கு மேல் மாநிலம் ஊக்கத்தொகை சேர்க்கிறது. 2025-26இல் சாதாரண ரகத்துக்கு 131, சன்ன ரகத்துக்கு 156 ரூபாய்; ஆக 2,500, 2,545. ஏக்கருக்கு 20 குவிண்டால் என்று வைத்தால் ஆறு மாவில் 40. சன்ன ரகம் என்றால் ஊக்கத்தொகை மட்டும் 6,240. சித்தப்பாவுக்கு வருஷத்துக்கு வரும் 6,000த்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நிலம், ஏறக்குறைய ஒரே தொகை, ஒன்று உட்கார்ந்திருப்பவருக்கு, இன்னொன்று உழுதவருக்கு. குறுவையும் சம்பாவும் எடுத்தால் உழுதவருக்கு இரண்டு முறை. காரணம், கொள்முதல் நிலையத்தில் பட்டாவோடு நிற்காமல் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலையும் பார்க்கிறார்கள். யார் சாகுபடி செய்தார் என்பது அதில் இருக்கிறது.

அதற்காக இதைத் தலையில் தூக்கி ஆட வேண்டாம். குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு மல்லுக்கட்டும். கையளவு நெல்லை எடுத்து ஈரப்பத மீட்டரில் போடுகிறார்கள். 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். முள் 20இல் நிற்கிறது. சாலையில் கொட்டிக் காயவைத்தால், மதியம் மறுபடி தூறல். தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். 2025 அக்டோபரில் 22 வரை அனுமதியுங்கள் என்று மாநில அரசே மத்திய அரசிடம் கேட்க வேண்டியிருந்தது. வரிசையில் நிற்க முடியாதவர் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் போனால் அந்த 156 ரூபாயும் இல்லை, சன்ன ரகத்தின் ஆதரவு விலையான 2,389உம் இல்லை. நெல் விளையாத ஊருக்கு இந்தக் கோலே இல்லை. வெள்ளத்தில் மூழ்கியவருக்கு, அதாவது பணம் மிக வேண்டியவருக்கு, எதுவும் இல்லை.

கடைசியாகக் கடன் தள்ளுபடி. இதைப் பற்றி நான் நடுநிலையாக எழுதப்போவதில்லை. 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்று முன், எடப்பாடி பழனிசாமி 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார். 2016இல் ஜெயலலிதா, 2006இல் கருணாநிதி, 2008இல் மத்திய அரசு என்று வரிசை நீளம். இங்கே அளப்பது ஒரு குறிப்பிட்ட நாளில் உங்கள் பெயரில் நின்ற பாக்கியை. 2021இல் அது ஜனவரி 31. ஒழுங்காக ஜனவரி பொங்கலுக்குள் கட்டியவர் ஏமாளி. நகையை அடகுக்கடையில் வைத்துப் பயிர் செய்தவர் கணக்கிலேயே இல்லை. அறிவிப்பு ஒரே நாளில் முடிந்துவிடுகிறது, கூட்டுறவு வங்கிகளுக்கு ஈடுகட்டும் செலவோ அடுத்தடுத்த பட்ஜெட்டுகளில் வந்துகொண்டே இருக்கும். வறட்சியில் முழுசாக அழிந்தவருக்கு வேறு வழியில்லாதபோது தள்ளுபடி தேவைதான். அதைத் தேர்தல் காலண்டரோடு கட்டியதுதான் வினை.

என்னைக் கேட்டால், குவிண்டாலுக்குக் கொடுப்பதை வைத்துக்கொண்டு, விளைச்சல் போனவருக்கு உழுபவர் பெயரில் ஏக்கருக்கு ஒரு தொகை, அதுவும் ஐந்து ஏக்கர் வரை என்று சேர்க்கலாம். தொகையை ஆண்டுதோறும் ஆதரவு விலையோடு ஏற்றலாம். பட்ஜெட்காரருக்கு வயிற்றைக் கலக்கும், தெரியும். அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை உழுபவர் பெயரை எங்கே எழுதுவது என்பது. ஆந்திராவில் 2019இல் ஒரு சட்டம் போட்டுக் குத்தகைக்காரருக்குப் பதினொரு மாதத்துக்குச் சாகுபடி உரிமை அட்டை கொடுத்தார்கள். நிலத்தின் மேல் எந்த உரிமையும் வராது, பயிர்க்கடனும் உதவித்தொகையும் மட்டும்தான். அதற்கும் நிலக்காரரின் சம்மதம் வேண்டும்.

இதைச் சித்தப்பாவிடம் சொல்லி, நம் ஊருக்கும் அப்படி ஒரு அட்டை வந்தால் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் போனை எடுத்து அந்த 2,000 ரூபாய்ச் செய்தியை இன்னொரு தடவை பார்த்தார். "அவன் நல்ல பையன்தான்," என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அதெல்லாம் வரும்போது பார்த்துக்கலாம், நீ காபியைக் குடி."