ரெஸ்ட்ரெப்போவா, ஆர்மடில்லோவா?

கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் ஞாயிறன்று எதைப் போடலாம்? இரண்டுமே 2010-இல் வந்த ஆவணப்படங்கள். இரண்டிலும் ஆப்கானிஸ்தான் காவல்முகாம்தான்.

‘ரெஸ்ட்ரெப்போ’வில் கோரங்கல் பள்ளத்தாக்கு, அமெரிக்கச் சிப்பாய்கள். சண்டையில் இறந்த மருத்துவ உதவியாளரின் பெயரையே முகாமுக்கு வைத்தார்கள். பின்னணிக் குரல் கிடையாது. மண் வெட்டுகிறார்கள், சலித்துப்போய் ஒரு பாட்டுக்கு ஆடுகிறார்கள், திடீரென்று சுடுகிறார்கள். பேட்டிகளில் கேமரா முகத்தை விட்டு நகராது. ஒருவன் சிரித்தபடியே தூக்க மாத்திரையும் வேலை செய்வதில்லை என்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் முடியவில்லை.

‘ஆர்மடில்லோ’வில் ஹெல்மண்ட் மாகாணம், டேனிஷ் வீரர்கள். நிறமும் இசையும் கதைப்படம் மாதிரி, எனக்கு அது கொஞ்சம் உறுத்தல். ஆனால் காயம்பட்ட தாலிபான்களை அந்த வீரர்கள் கொன்றார்களா என்பது டென்மார்க்கில் பெரிய சர்ச்சையானது. விவாதம்தான் வேண்டுமென்றால் இது.

முன்வரிசையில் பட்டாளத்து மாமாக்கள் உட்காருவார்கள். சரி, முதலில் ரெஸ்ட்ரெப்போ.