கனடா ஸ்பான்சர்ஷிப் போட்டுவிட்டு ஊருக்கு டிக்கெட் எடுப்பவர்கள் கவனிக்க

நுங்கம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க மேப்பிள் இலைக் கொடி என்று உட்கார்ந்திருக்கும் ஒரு விசா கன்சல்டன்ட் கைங்கரியத்தில் என் மகளின் பிஆர் (அதாவது கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) விண்ணப்பம் பாழாய்ப் போனது. மாப்பிள்ளை கனடாவில், பிராம்ப்டனில் இருக்கிறார், மகள் நங்கநல்லூரில் எங்களோடு இருக்கிறாள். கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம், வக்கீல் வேண்டாம் என்கிறார். அந்த ஆள் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் கன்சல்டன்டும் இதையே சொல்கிறாரா என்று பாருங்கள்.

மாப்பிள்ளை கனடா பிஆர். கல்யாணம் இங்கே நடந்து, பதிவும் ஆனது. மகள் விசிட்டர் விசாவில் அங்கே போய் அவரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். மனைவியை ஸ்பான்சர் செய்ய அங்கே இரண்டு வழி இருக்கிறது. கனடாவுக்குள் கணவனோடு சேர்ந்து வாழ்கிறேன் என்ற அடிப்படையில் போடுவது ஒன்று, இதை இன்லேண்ட் என்பார்கள். இன்னொன்று ஃபேமிலி கிளாஸ், மனைவி வெளிநாட்டில் இருந்தாலும் போடலாம், பேச்சில் அவுட்லேண்ட். கனடாவில் உட்கார்ந்துகொண்டே அவுட்லேண்ட் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரியாதவர்களை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

"இன்லேண்ட் போட்டாத்தான் மேடம் ஒர்க் பெர்மிட் கிடைக்கும், அவுட்லேண்ட்ல வீட்ல சும்மா உக்காந்திருக்கணும்" என்றார். சுத்தப் பொய். 2023 மே 26 முதல், கனடாவில் ஸ்பான்சரோடு வசிக்கும் ஃபேமிலி கிளாஸ் விண்ணப்பதாரர்களும் ஓப்பன் ஒர்க் பெர்மிட் (எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கும் அனுமதி) கேட்கலாம் என்று அரசே அறிவித்துவிட்டது. இவர் பழைய பாட்டையே பாடி இன்லேண்டில் தள்ளினார். அரசுக் கட்டணம் 2024 ஏப்ரல் 30 நிலவரப்படி 1,205 கனடா டாலர், பயோமெட்ரிக்ஸுக்குத் தனியாக 85. இவர் வாங்கியது அதற்கு மேல் பல மடங்கு, அதுவும் அவர் மனைவியின் ஜிபே நம்பருக்கு. ஜிஎஸ்டி பில் கேட்டால் "ஃபைனல் பேமென்ட்ல சேர்த்துத் தர்றேன் சார்".

நடுவில் என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாத்தனார் முடிச்சு போட அக்காதான் வர வேண்டும், எங்கள் பக்கம் அதில் பேச்சுக்கே இடமில்லை. அவளுடைய விசிட்டர் விசா அதற்குள் காலாவதியாகியிருந்தது. தங்கும் காலத்தை நீட்டித்து விசிட்டர் ரெக்கார்ட் என்று ஒரு தாள் வாங்கி வைத்திருந்தாள். கன்சல்டன்ட்டிடம் கேட்டபோது வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "தாராளமா போய்ட்டு வாங்க மேடம். ஏஓஆர் வந்தாச்சு, விசிட்டர் ரெக்கார்ட் இருக்கு, ரெண்டையும் காட்டினா உள்ள விட்டுடுவான்." அந்த மெசேஜ் இப்போது எங்கள் மனுவோடு சாட்சியமாகப் போயிருக்கிறது.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. திரும்பும் நாள் அந்த ஏஓஆர் கடிதத்தை, அதாவது 'உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது' என்ற கடிதத்தை, கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கவரில் போட்டு ஆபீஸ் பையன் மூலம் அனுப்பியிருந்தார். அதற்கும் சர்வீஸ் சார்ஜ் வாங்கினார் என்பது தனிக்கதை. மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். "மேடம், இந்த விசா முடிஞ்சிருக்கு. வேற விசா எங்க?" மகள் லேமினேட் அட்டையை நீட்டினாள். "இது லெட்டர் மேடம். நான் விசா கேக்கறேன்." சூப்பர்வைசர் வந்து அவரும் சிஸ்டத்தில் தட்டிப் பார்த்தார், போர்டிங்குக்கு ஓகே வரவில்லை. பெல்ட்டில் ஏறிய சூட்கேஸ்களை இறக்கி வைத்துவிட்டார்கள். ஆவக்காய் பாட்டில் ஒன்று உடைந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது, அதைத் துடைத்தபடியே கன்சல்டன்ட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் காலை பதில் வந்தது: "ஏர்லைன்ஸ்காரனுக்கு ரூல்ஸ் தெரியாது சார், வேற ஏர்லைன்ல ட்ரை பண்ணுங்க."

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஏஓஆர் விசா ஆகாது. விசிட்டர் ரெக்கார்டும் விசா ஆகாது. கனடாவுக்குள் இருக்கும்வரை தங்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம், வெளியே வந்தால் திரும்ப நுழைய அது உதவாது. ஒர்க் பெர்மிட் கையில் இருந்தாலும் கதை இதேதான். இந்தியப் பாஸ்போர்ட்காரருக்குத் திரும்பிப் போக, தேதி முடியாத விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்க வேண்டும். இன்லேண்ட் விண்ணப்பமோ இருவரும் கனடாவில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதன் மேல்தான் நிற்கிறது. வெளியே வந்து திரும்பப் போக முடியாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்று கனடா அரசின் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. காசு வாங்கியவர் அதைப் படித்திருக்க வேண்டாமா?

அடுத்து நடந்ததுதான் எனக்கு உண்மையில் பயத்தைக் கொடுத்தது. புது விசிட்டர் விசா போடலாம் என்று கன்சல்டன்ட் ஃபார்ம் நிரப்பி மகளின் கையெழுத்துக்கு அனுப்பினார். இதற்கு முன் கனடாவுக்குப் போகவோ தங்கவோ விண்ணப்பித்ததுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் செய்திருந்தார். மகள் கேட்டதற்கு, "ஸ்பான்சர்ஷிப்ப காட்டினா செட்டில் ஆகத்தான் போறீங்கன்னு ரிஜெக்ட் பண்ணிடுவான் மேடம், மறைச்சுடலாம்" என்றார். கனடா அரசின் கம்ப்யூட்டரில் கைரேகையோடு உட்கார்ந்திருக்கும் விவரத்தை எப்படி மறைப்பது? கனடா குடிவரவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி தவறான தகவல் கொடுத்தால் 5 வருடத் தடை. தடை அவளுக்குத்தான் விழும், டிக் போட்ட இவருக்கு இல்லை. நிரந்தரமாகக் குடியேற விரும்புகிறவர் தற்காலிக விசா கேட்பதே தப்பில்லை என்று அதே சட்டத்தின் 22(2) சொல்கிறது. மறைக்காமல், அதை எடுத்துச் சொல்லி நல்லதாக ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். மகள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். பிறகு உண்மையை எழுதித் தானே விண்ணப்பித்தாள். தங்கும் காலம் முடிந்ததும் கனடாவை விட்டுக் கிளம்புவீர்கள் என்ற நம்பிக்கை இல்லை என்று விசா மறுக்கப்பட்டது.

இதற்கிடையில் பிஆர் ஃபைல் என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. போர்ட்டல் பாஸ்வேர்ட் கேட்டால் "அது கான்ஃபிடென்ஷியல் சார்". எங்கள் ஃபைல், எங்களுக்கே கான்ஃபிடென்ஷியல். மாப்பிள்ளை அங்கே 5 டாலர் கட்டித் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மகளே விண்ணப்பித்தது போல அக்கவுன்ட் திறந்து, அதில் தன்னுடைய ஜிமெயில் முகவரியைக் கொடுத்து வைத்திருக்கிறார். சேர்ந்து வாழ்வதற்கு ஆதாரம் கேட்டு வந்த கடிதம் அந்த ஜிமெயிலுக்குப் போயிருக்கிறது. பதில் போகவில்லை, விண்ணப்பம் நிராகரிப்பு. இன்லேண்டில் மேல்முறையீடு கிடையாது. ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம், அதற்கு முடிவு தெரிந்ததிலிருந்து 15 நாள் கெடு. அவர் ஜிமெயிலுக்கு முடிவு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவுட்லேண்ட் என்றால், மறுத்தாலும் காரணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் ஸ்பான்சர் மேல்முறையீடு செய்யலாம்.

காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் கையாள அந்நாட்டு வக்கீல், அங்குள்ள வக்கீல் சங்கத்தில் உறுப்பினரான பாராலீகல், கியூபெக் நோட்டரி, காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ் என்ற கன்சல்டன்ட் கண்காணிப்பு அமைப்பில் லைசென்ஸ் வாங்கியவர், இவர்களுக்கு மட்டுமே அனுமதி. அந்தக் காலேஜின் வெப்சைட்டில் பெயரைத் தட்டினால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று இலவசமாகவே தெரியும். கூடவே ஐஎம்எம் 5476 என்ற ஃபார்மில் உங்கள் பிரதிநிதியாக அவர் பெயர் ஏற வேண்டும். "ஃபார்ம்ல என் பேர் வேணாம், நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிஷமே பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இதே ஆள் மாப்பிள்ளைக்கும் ஒரு யோசனை சொன்னார்: "பேசாம நீங்க லீவு போட்டுச் சென்னை வந்து ஒய்ஃபோட இருங்க, ஃபைல் அது பாட்டுக்கு ஓடும்." வெளிநாட்டில் இருந்துகொண்டு ஸ்பான்சர் செய்ய முடிவது கனடா குடிமகனால் மட்டும்தான். பிஆர்காரர் அங்கேயே வசிக்க வேண்டும், சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாம் அவ்வளவுதான்.

மற்ற நாடுகளும் லேசுப்பட்டவை இல்லை. அமெரிக்காவில் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்ற பயண முன்அனுமதி வாங்காமல் வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. எச்-1பி, எல்-1 போன்ற சில விசாக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. பிரிட்டனுக்குள் இருந்து விசா நீட்டிப்புக்குப் போட்டவர் முடிவு வரும் முன் அந்த நாட்டையும் அயர்லாந்தையும் தாண்டினால் மனு வாபஸ் ஆனதாக எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் பிரிட்ஜிங் விசா ஏ (விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை தங்கத் தரும் இடைக்கால விசா) வைத்து வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப முடியாது, கிளம்பும் முன்பே பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும்.

இப்போது டொராண்டோவில் லைசென்ஸ் உள்ள ஒரு வக்கீல் மூலம் புதிதாக அவுட்லேண்ட் போட்டிருக்கிறோம். போலீஸ் கிளியரன்ஸுக்குச் சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா கேந்திரம், மறுபடி மெடிக்கல், மறுபடி கல்யாண போட்டோ என்று எல்லாம் முதலிலிருந்து. போர்ட்டல் பாஸ்வேர்ட் இந்த முறை மகள் கையில்.

இதே போல ஏமாந்தவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ், ஈமெயில் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம்தான் கெடு, 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. 1915க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். கையெழுத்து, சான்றிதழ் என்று எதையாவது போலியாகச் செய்திருந்தால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள்.

கன்சல்டன்ட் போன வாரம் ஆள் அனுப்பினார். பாதிப் பணத்தை ரொக்கமாகத் தருகிறாராம், அந்த வாய்ஸ் மெசேஜை மட்டும் டெலீட் செய்ய வேண்டுமாம். எதுவானாலும் ஆணையத்தில் வந்து பேசச் சொல்லி வக்கீல் மூலம் பதில் போயிருக்கிறது.