செஸ்னா 172என் வாங்குமுன் எஞ்சினைத் திறந்து பாருங்கள்

1977 முதல் 1980 வரை வந்த செஸ்னா 172என் நல்ல விமானம். நான்கு இருக்கை, ஓட்டுவதற்கு எளிது, உதிரிபாகங்களும் கிடைக்கும். யோசிக்க வேண்டியது மூக்கில் இருக்கும் 160 குதிரைத்திறன் லைக்கமிங் ஓ-320-எச்2ஏடி எஞ்சினைப் பற்றித்தான்.

இதன் பழைய வியாதி, வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம் ஷாஃப்டின் தேய்மானம். லைக்கமிங்கில் கேம் ஷாஃப்ட், ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் சும்மா நின்றால் மேலிருக்கும் ஆயில் வடிந்துவிடும், துரு பிடிக்கும். அடுத்த ஸ்டார்ட்டில் ஆயில் போய்ச் சேருமுன்பே கேமும், அது தள்ளும் டேப்பெட்டும் உலோகத்தோடு உலோகம் உரசும். கேம் மேடு தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது, ஏறும்போது எஞ்சினின் சக்தி குறையும். உதிரும் துகள் பேரிங்குக்குப் போனால் எஞ்சினே நின்றுவிடலாம்.

அமெரிக்க விமானத் துறையின் 80-04-03 பாதுகாப்பு உத்தரவு இதற்காகவே வந்தது: 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் தேய்மானத்தைக் குறைக்கும் எல்டபிள்யூ-16702 கலவை 6 அவுன்ஸ் ஆயிலில் ஊற்ற வேண்டும். ஏரோஷெல் 15டபிள்யூ-50 ஆயிலில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. பிறகு கேமும் டேப்பெட்டும் தொடும் பரப்பைக் கூட்டினார்கள். அந்த எஞ்சின்களின் சீரியல் எண் 'டி' (T) என்று முடியும். வாங்கினால் அதையே வாங்குங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது, எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ. மற்ற எஞ்சின்களில் இரண்டு தனித்தனியாக இருக்கும். இதில் இரண்டும் ஒரே கூட்டுக்குள், ஒரே பல்சக்கரத்தில் ஓடுகின்றன. அந்தப் பல்சக்கரம் உடைந்தாலோ, கூட்டைப் பிடிக்கும் கிளாம்ப் கழன்றாலோ இரண்டின் தீப்பொறியும் ஒன்றாகப் போய்விடும். 1700 ஆர்பிஎம்மில் ஒரு நேரத்தில் ஒரு மேக்னெட்டோவை மட்டும் ஓடவிட்டுச் செய்யும் சோதனையில், ஒவ்வொன்றிலும் ஆர்பிஎம் 125-க்கு மேல் இறங்கக்கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் கூடாது. ஆனால் கூடு நகர்ந்தால் இரண்டிலும் பொறி விழும் நேரம் (டைமிங்) சேர்ந்தே நகரும், அந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம். அதனால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் எஞ்சின் மூடியை (கவுலிங்) திறந்து, கூட்டைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். 500 மணிக்கு ஒருமுறை பிரித்துச் சோதிப்பதை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கும் நாளில் தரையில் முழு த்ராட்டில் கொடுங்கள். 2280 ஆர்பிஎம்முக்குக் கீழே நின்றால் காரணம் கேளுங்கள். ஆயில் ஃபில்ட்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்து, காந்தத்தை ஓட்டுங்கள். காந்தத்தில் ஊசிமுனை அளவு மினுமினுப்பு ஒட்டினால் அது எஃகு. அடுத்து டேப்பெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இந்த எஞ்சினின் பெரிய நல்ல குணமே இதுதான்: மற்ற லைக்கமிங்குகளைப் போல எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸைப் பிளக்க வேண்டியதில்லை, டேப்பெட்டை வெளியிலிருந்தே உருவலாம். டேப்பெட்டின் முகம் கண்ணாடிபோல் இருக்க வேண்டும், அம்மைத் தழும்பு போல் குழி கூடாது. கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் வேறு விமானம் பாருங்கள்.