சீட், கூரை, கதவு அட்டை மாற்றக் கொடுக்கிறீர்களா? ஒரு மைவியைப் பிரித்தபோது வெளிவந்தவை

கோலாலம்பூரில் ஒரு குடும்பம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காடி (கார்), பெரோடுவா கம்பெனியின் மூன்றாம் தலைமுறை மைவி, 1.5 ரகம். சீட் துணியில் கறை, கூரைத் துணி பின்பக்கம் தொங்கத் தொடங்கியிருந்தது. சீட், கூரை, நான்கு கதவு அட்டை எல்லாம் சேர்த்து 2,400 வெள்ளி (ரிங்கிட்) என்று பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டது ஒரு கடை. திரும்பி வந்த காடி பளபளவென்றுதான் இருந்தது. சில மாதங்களில் கூரை மறுபடியும் தொங்கியது, பின்சீட்டின் கால் பக்கம் ஈர நாற்றம் அடித்தது, கதவு மூடும்போதெல்லாம் லொடலொடவென்று சத்தம். வேறொரு பட்டறையில் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். இந்த வேலையில் ஏமாற்று எப்போதும் உறைக்கு அடியில்தான் இருக்கும். அதனால் கண்டதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் உயிருக்கு ஆபத்தானது. இந்த ரகத்தில் ஆறு ஏர்பேக் உண்டு. அவற்றில் இரண்டு முன்சீட்டின் முதுகுப் பகுதியில், கதவுப் பக்கமாக இருக்கின்றன. கம்பெனி உறையில் அந்த ஓரத் தையலை வேண்டுமென்றே எளிதில் அறுகிற நூலால் போட்டிருப்பார்கள். மோதியவுடன், கண் இமைக்கும் நேரத்துக்குள், பை அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். கடைக்காரர் அதே இடத்தில் கெட்டியான நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டிருந்தார். பார்க்க அழகு. ஆனால் பை உள்ளேயே சிக்கும், அல்லது தப்பான பக்கமாக விரியும். பக்க ஏர்பேக் உள்ள சீட்டில் ஓரத் துண்டை மட்டும் கம்பெனி உறையாகவே விட்டுவிட்டு மற்றதை மாற்றச் சொல்லுங்கள். அல்லது அந்தச் சீட்டுக்கென்றே ஏர்பேக் தையலோடு செய்த உறையைக் கேளுங்கள். 'எல்லாம் ஒன்னுதான்ணே' என்று சொல்லும் கடையில் காடியை விடாதீர்கள்.

அதைவிட மோசமானது சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்து, குறைந்தது 3 நிமிடமாவது காத்திருந்து, பிறகே ஏர்பேக் ஒயரின் மஞ்சள் பிளக்கைப் பிரிக்க வேண்டும். சீட் வெளியே இருக்கும்போது யாராவது இக்னிஷனை ஆன் செய்தால் காடியின் ஏர்பேக் கணினி பிழையைப் பதிவு செய்துகொள்ளும், டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் நிற்கும். ஸ்கேனர் வைத்து அழித்தால் தீர்ந்துவிடும் வேலை அது. இங்கே அப்படிச் செய்யவில்லை. அவசரத்தில் பிளக்கைப் பிடித்து இழுத்து உடைத்துவிட்டு, ஏர்பேக் இருப்பதாகக் கணினியை நம்பவைக்க ரெசிஸ்டர் என்கிற ஒரு சின்ன மின்தடைத் துண்டைச் சொருகி டேப் சுற்றியிருந்தார்கள். விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைகிறது. ஏர்பேக் மட்டும் இணைப்பில் இல்லை. அதனால் விளக்கை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். காடியை எடுக்கும்போது கைப்பேசி வெளிச்சத்தில் இரண்டு முன்சீட்டுக்கும் அடியில் பாருங்கள். மஞ்சள் ஒயர் கம்பெனி பிளக்கில் நேராகப் போய்ச் சேர வேண்டும். நடுவில் கறுப்பு டேப் சுற்றியிருந்தால் அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். இக்னிஷனை ஆன் செய்ததும் அந்த ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், அதையும் யாரோ தொட்டிருக்கிறார்கள்.

மீதி ஏர்பேக்கில் இரண்டு, கதவுகளுக்கு மேலே கூரை ஓரத்தில் நீளமாக மடித்து வைத்த திரைப் பைகள். கூரை அட்டையை இறக்க வேண்டுமானால், முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்றியே ஆக வேண்டும். அதைப் பிடித்திருக்கும் கிளிப் சாதாரணக் கிளிப் இல்லை. பை விரியும்போது தூண் பிளாஸ்டிக் விலகி வழிவிடும், ஆனால் பறந்து முகத்தில் அடிக்காது. அதற்காகவே செய்த கிளிப் அது. ஒருமுறை இழுத்துவிட்டால் புதியது போடுவதுதான் சரி. இந்த மைவியில் கிளிப்புக்குப் பதிலாக ஒரு பக்கம் சிலிக்கோன் பசை, மறுபக்கம் நீள ஸ்குரூ. ஸ்குரூவின் முனை மடித்த பையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடுத்தது கூரை. தொங்குவதற்குக் காரணம் துணி இல்லை, பசை மட்டும்கூட இல்லை. துணிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய ஸ்பஞ்சு நம் ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் மட்கி, விரல் பட்டால் மாவாக உதிரும். அதன்மேல் எவ்வளவு நல்ல பசை அடித்தாலும் பசை மாவைத்தான் பிடிக்கும். அட்டையைப் பின்பக்க டிக்கிக் கதவு வழியாக மடிக்காமல் வெளியே எடுத்து, பழைய ஸ்பஞ்சை பிரஷால் முழுக்கச் சுரண்டி, தூசியை ஊதிவிட்டுத்தான் வேலையையே தொடங்க வேண்டும். பசை அட்டையிலும் துணியின் ஸ்பஞ்சிலும், இரண்டிலும் அடிக்க வேண்டும். விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே போக வேண்டும். வெயிலில் நிற்கும் காடியின் கூரைத் தகடு 70 டிகிரியை எட்டக்கூடும். அலங்கார வேலைக்கு அடிக்கும் மலிவான ஸ்ப்ரே பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும் பசை என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும், டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். இங்கே பழைய துணியை உரித்துவிட்டு, மட்கிய ஸ்பஞ்சின் மேலேயே புதுத் துணியை ஒட்டியிருந்தார்கள். அட்டையையும் முன்கதவு வழியாக வளைத்து எடுத்ததில் நடுவில் விரிசல். அதை மறைக்கத்தான் விளக்குப் பக்கத்தில் இலவசமாக ஒரு அலங்காரப் பட்டை. 'ஃப்ரீயா போட்டுத் தந்திருக்கோம்' என்று சொன்னார்களாம்.

ஈர நாற்றம் கதவிலிருந்து வந்தது. கதவு அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட், ஓரமெல்லாம் கறுப்பு நிறப் பிசுபிசுத்த பசையால் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் கீழ் ஓட்டை வழியாக வெளியே போவதற்கு அந்த ஷீட்தான் காவல். அதைக் கிழித்துத் தூக்கிப் போட்டால் தண்ணீர் அட்டையின் பின்பக்கமாக வழிந்து கம்பளத்துக்குள் இறங்கும். இரண்டு பின்கதவிலும் ஷீட்டே இல்லை. கம்பளத்தைத் தூக்கினால் அடி ஸ்பஞ்சு முழுக்கத் தண்ணீர். லொடலொட சத்தத்துக்குக் காரணம் உடைந்த கிளிப்கள். பழைய கிளிப் சூட்டில் காய்ந்து கழற்றும்போது உடைவது சகஜம், யாரையும் குறை சொல்ல முடியாது. புதிய கிளிப் வாங்கிப் போடாமல் இரட்டைப் பக்க டேப்பில் சமாளித்ததுதான் குற்றம்.

சீட் உறை 'லெதர்' என்றே பேசப்பட்டது. வெட்டிய துண்டின் பின்பக்கம் பின்னல் துணி தெரிந்தால் அது செயற்கை, வாதமே தேவையில்லை. பியு என்கிற செயற்கைத் தோல் மென்மையாக இருக்கும், ஆனால் மலிவானது ஈரக்காற்றில் தோல் தோலாக உரியும். பிவிசி என்கிற இன்னொரு வகை விறைப்பு, ஈரத்தைத் தாங்கும், வருடங்கள் போனால் வெடிக்கும். எதைப் போட்டாலும் தப்பில்லை, பெயரைச் சரியாகச் சொல்லிச் சரியான விலை வாங்கினால்.

குழந்தை உள்ள வீட்டுக்கு இன்னொன்று. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் குழந்தை இருக்கை கட்டாயம். பின்சீட்டின் இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவில், குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்காக இருக்கும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளின் மேல் புது உறையை இழுத்துத் தைத்துவிட்டிருந்தார்கள். காடியை எடுக்கப் போகும்போது குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய், இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று பூட்டுகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். பெல்ட் பக்கிள் சீட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காடியை விடும் முன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள். பொருளின் பெயர், பசை, கிளிப், ஷீட், ஏர்பேக் தையல் எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். மூடும் முன் மூன்று படம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்: சுரண்டிய கூரை அட்டை, ஷீட் ஒட்டிய கதவு, மஞ்சள் பிளக். உண்மையாக வேலை செய்கிற கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே பதியலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். அதற்கு முன் அதே கடையில் மறுபடியும் பிரிக்க விடாதீர்கள். வேறு பட்டறையில் பிரிக்கும்போது உள்ளே இருப்பதை இருந்தபடியே படம் எடுத்து, என்ன கண்டார்கள் என்று அந்தப் பட்டறையின் தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய ரெசிஸ்டர், ஸ்குரூ, உரித்த துணி எதையும் குப்பையில் போடாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள்.