தாளத்துக்கு எந்தத் தட்டு: ஏழு அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா?

ஒரே சிங்கிள் (ஒரு பாட்டை முன்வைத்து வரும் இசைத்தட்டு) இரண்டு அளவில் வந்திருக்கிறது. ஒன்று ஏழு அங்குலம், இன்னொன்று பன்னிரண்டு அங்குலம். இரண்டுமே 45 ஆர்பிஎம்தான், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று. போட்டிருப்பது தாளத்தையே நம்பி நிற்கும் ஒரு இண்டி (பெரிய நிறுவனங்களைச் சாராத) குழு: இரண்டு டிரம்மர்கள், ஒரு பேஸ் கிதார், மெட்டு என்று தனியாக எதுவும் இல்லை. நான் வாங்கியது பன்னிரண்டு அங்குலம். ஏழு அங்குலத்தை நண்பர் வாங்கியிருந்தார். அதை ஒரு வாரம் இரவல் வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன்.

ஏழு அங்குலம் விலை குறைவு, இடம் அடைக்காது. பெரிய உறையில் அட்டைப்படம் அழகாக இருக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாட்டின் நீளமும் வேறு: சின்னத் தட்டில் 3 நிமிடம் 50 நொடிக்கு வெட்டிய வடிவம், பெரியதில் முழு 6 நிமிடம் 40 நொடி. நீளத்துக்காகவே பெரியதை வாங்கச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வெட்டிய வடிவத்தையும் நன்றாகவே வெட்டியிருக்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது பாட்டின் கடைசி ஒரு நிமிடம். அதுவரை நிதானமாக அடித்துக்கொண்டிருந்த இரண்டாவது டிரம்மர் அங்கேதான் ஹை-ஹேட்டை (டிரம் செட்டில் உள்ள ஜோடித் தாளத்தட்டை) இரட்டை வேகத்துக்குக் கொண்டுபோகிறார். அடியில் பேஸும், காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கும் ஒன்றாக இறங்குகின்றன. மொத்தப் பாட்டும் அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கிறது. ஆனால் இசைத்தட்டு பலவீனமாக இருப்பதும் அதே இடத்தில்தான்.

தட்டு எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஊசி உள்ளே போகப்போக வட்டம் சுருங்குவதால், ஒரு சுற்றுக்கு அது கடக்கும் தூரமும் குறைகிறது. வெளியே தாராளமாக இடம் கிடைத்த அதே ஒலி, உள்ளே நெருக்கிப் பிடித்து உட்கார வேண்டியிருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். ஏழு அங்குலத்தில் மையத்திலிருந்து சுமார் 8.4 செ.மீ. தள்ளிப் பாட்டு தொடங்கி, 5.5 செ.மீ.-இல் முடிகிறது. கணக்குப் போட்டால் ஊசிக்குக் கீழே நொடிக்கு 40 செ.மீ. ஓடிய பள்ளம் (ஒலி பதிந்திருக்கும் கோடு), முடியும்போது 26 செ.மீ.தான் ஓடுகிறது. பன்னிரண்டு அங்குலத்தில் தொடக்கம் 14.6 செ.மீ., அதாவது நொடிக்கு 69. முடிவது 8.5 செ.மீ.-இல், அங்கே நொடிக்கு 40. பெரிய தட்டில் பாட்டு முடிகிற இடத்தில்தான் சின்னத் தட்டில் பாட்டு தொடங்கவே செய்கிறது!

காதுக்கு இது நன்றாகவே தெரிகிறது. சின்னத் தட்டில் அந்தக் கடைசி நிமிடத்து ஹை-ஹேட் 'ஷ்ஷ்' என்று ஒரே இழுப்பாகக் கலைந்துபோகிறது. பெரியதில் ஒவ்வொரு அடியையும் எண்ணலாம்.

அப்புறம் பேஸ். ஆழமான பேஸுக்குப் பள்ளம் பக்கவாட்டில் ஆட இடம் வேண்டும். பேஸைக் குறைத்துத் தட்டில் பதித்து, கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக்கொள்வது 1950-களிலிருந்தே பொதுவான நடைமுறை. அப்படியும் இடம் போதாவிட்டால் மொத்த சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லை அடித்தொனியைக் கத்தரிக்க வேண்டும். பெரிய தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால், கிக் விழும் இடங்களில் பள்ளங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி அலை அலையாக மின்னுவது கண்ணுக்கே தெரிகிறது. உட்பக்கத்தில் லேபிளைச் சுற்றி அகலமான வெற்றிடம். காலி இடத்துக்குக் காசு கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாட்டு தெளிவாக முடிவதே அந்த இடத்தை விட்டுவைத்ததால்தான்.

இந்த வடிவம் பிறந்த கதையும் தாளத்தோடு சேர்ந்ததுதான். ஏழு அங்குலத்தை 1949-இல் ஆர்சிஏ விக்டர் கொண்டுவந்தது, சிறிய பாடல்களுக்காக. பன்னிரண்டு அங்குல சிங்கிள் 1970-களின் டிஸ்கோ நடனத் தளங்களுக்காக உருவானது. 1976-இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பெர்சென்ட்' பாட்டை அந்த அளவில் விற்பனைக்கு விட்டது. ஆடுகிறவர்களுக்கு நீளமும் வேண்டும், அடியும் வேண்டும். இந்தக் குழுவின் தேவையும் அதுதான்.

சின்னத் தட்டிலும் ஒரு சொத்து இருக்கிறது. அதன் பி-பக்கத்தில், அதாவது மறுபக்கத்தில், இரண்டே நிமிடம் ஓடும், டிரம்ஸ் மட்டுமே உள்ள ஒரு துண்டு. நேரம் குறைவு என்பதால் வெளி விளிம்பிலேயே முடிந்துவிடுகிறது, சத்தம் அருமை. பெரிய தட்டில் அது இல்லை. அந்த ஒன்றுக்காகவே ஏழு அங்குலம் வாங்குகிறவரை நான் தடுக்க மாட்டேன்.

என் ஊசி நீள்வட்ட முனை, நண்பருடையது உருண்டை முனை. அவருடையதில் வித்தியாசம் இன்னும் அதிகமாகக் கேட்டது. இவற்றைவிட நுணுக்கமான முனை வைத்திருப்பவர்களுக்கு இடைவெளி குறையலாம். பத்து வருடம் கழித்து எது அதிகம் தேயும், எது நல்ல விலைக்குப் போகும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

சின்னதை வாங்கினால் அதன் 38 மி.மீ. ஓட்டைக்கு இறுக்கமாகப் பொருந்தும் அடாப்டரும் வாங்குங்கள். அது தளர்ந்தால் தட்டு மையம் விலகிச் சுற்றி, பேஸின் சுருதி ஏறி இறங்கும். பெரியதை வாங்கினால் போடுவதற்கு முன் வேகத்தை 45-க்கு மாற்றிவிடுங்கள். பெரிய தட்டு என்றாலே 33-இல் விட்டுவிடும் பழக்கம் கைக்கு இருக்கும், இந்தப் பாட்டு அந்த வேகத்திலும் ஒரு தாளமாகத்தான் கேட்கும்.