பழைய காருக்கு எம்பி3 சிடி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

யுஎஸ்பி வசதி இல்லாத, சிடி பிளேயர் மட்டுமே உள்ள பழைய கார் என்னுடையது. கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு அருகிலுள்ள ஒரு கணினிக் கடையில் பத்து பிளாங்க் சிடிகளை வாங்கி, ஆறு மாதங்களாக அவற்றில் பாட்டுகளைப் பதிந்து, வாரந்தோறும் காவேரிப்பட்டணம், தருமபுரி வழியாகச் சேலம் சென்று வரும்போது கேட்டு வருகிறேன். எனக்கு முழு நிறைவு.

ஆடியோ சிடியாகப் பதிந்தால் 80 நிமிடங்களுக்கு மேல் கொள்ளாது. தொப்பூர் கணவாயைத் தாண்டும் வேளையில் முதல் பாட்டே திரும்ப வந்துவிடும். அதே 700 எம்பி வட்டில் 128 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு; கூடினால் ஒலித் தரமும் கூடும்) எம்பி3 கோப்புகளாகச் சேமித்தால் ஏறத்தாழ 12 மணி நேரம் ஓடும். ஆனாலும் நான் 192 கேபிபிஎஸ்ஸையே தேர்ந்தெடுத்தேன். நேரம் எட்டு மணியாகக் குறைந்தாலும், நாகசுரக் கச்சேரிப் பதிவுகளில் 128-இல் கலங்கிச் சலசலத்த தாளத்தின் ஓசை இதில் கணீரென்று கேட்கிறது. அந்த ஓசைக்காகவே நான்கு மணி நேரத்தை இழக்கலாம்.

இதற்கு முன் வேறொரு கடையில், அழித்து எழுதத்தக்க ஆர்டபிள்யூ வட்டை விலை கூடுதலாகக் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். அதன் பதிவுப் பரப்பு லேசர் ஒளியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால், என் பிளேயர் அதை ஏற்கவேயில்லை. ஒருமுறை மட்டும் எழுதத்தக்க ஆர் வகையைக் கேட்டு வாங்குவதே நல்லது. பதிந்து முடித்ததும் வட்டை ஃபைனலைஸ் செய்யத் தவறக்கூடாது; அதாவது, பிற பிளேயர்கள் படிக்கும்படி பதிவை முடித்து மூடிவிட வேண்டும். தமிழில் பெயரிட்ட கோப்புகள் என் பிளேயரின் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிவதால், ஆங்கில எழுத்தில் பெயரிட்டு, முன்னால் 01, 02 என்று எண்ணும் சேர்த்துவிடுகிறேன்.

காகித ஒட்டியை வட்டின் மேல் ஒட்டவே வேண்டாம். வெயிலில் பசை இளகி, பிளேயருக்குள் சிக்கிக்கொள்ளும். மார்க்கரால் எழுதினால் போதும்.

பத்தில் ஒன்பது வட்டுகள் இன்றும் தடங்கலின்றி ஓடுகின்றன. சித்திரை வெயிலில் டேஷ்போர்டின் மேல் விட்டுவிட்ட ஒன்று மட்டும் திக்கித் திக்கிப் பாடத் தொடங்கியது. வட்டுகளை இப்போது துணி உறையிலிட்டு இருக்கைக்கு அடியில் வைக்கிறேன். மூலக் கோப்புகள் வீட்டுக் கணினியில் இருந்ததால், கெட்டுப்போன வட்டிலிருந்த பாட்டுகளை அன்று மாலையே வேறொன்றில் பதிந்துகொண்டேன்.